ஈஸ்ட் ஆய்வும் நம் இளைஞர் எதிர்காலமும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டித் தென்னேரியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

முனைவர் பட்டத்திற்குப் பின் தொடரும் ஆய்வு வாழ்க்கையைப் பற்றி, குறிப்பாக ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக் கொண்டு நடைபெறும் உயிர்வேதியியல், மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகளைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். இப்பொருள் நம் ஊர் மேடைக்கு ஏற்றதா என்று சிலர் ஐயுறலாம். ஏற்றது என்பதே என் உறுதியான எண்ணம். பள்ளி இறுதி வகுப்பு, கல்லூரிப் பட்டம், அரசுப் பணி என்று நம் மக்கள் படிப்படியாக ஏறி வந்துள்ளனர். ஆய்வுக்கூடத்தின் வாயில் மட்டும் இன்னும் நமக்குப் பழகிய வாயிலாக அமையவில்லை. அதனைப் பழகிய வாயிலாக்குவது எவ்வாறு என்பதே இன்று நான் உங்களோடு ஆராய விரும்புவது.

கல்விக்காக நம் முன்னோர் பட்ட பாட்டை நினையாமல் இப்பேச்சைத் தொடங்குதல் முறையன்று. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி. அம்மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த திரமென்கீர் 1891-இல் நம் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலங்கள் நமக்குக் கிடைத்தது அதன் பயனாகவே. இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கி நம் குறைகளை நாடறியச் செய்தார். சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நிலம், குரல், பள்ளி என்று அவர்கள் வென்று தந்தவற்றின் மேல் நின்றுதான் நாம் இன்று ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

ஈஸ்ட் என்பது யாது?

பனைமரம் அறியாதவர் இவ்வவையில் இல்லை. உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர்; தடவாத கலயத்தில் இறக்கினால் கள். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று. பின் வேறுபாடு எங்கிருந்து வந்தது? காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சாற்றின் சர்க்கரையை உண்டு பெருகுகின்றன. அவற்றுள் முதன்மையானது ஈஸ்ட். அது சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை அந்நுண்ணுயிர்களை அடக்கி வைப்பதால் பதநீர் பதநீராகவே நிற்கிறது. ஆப்ப மாவில் சிறிது கள் சேர்க்கும் வழக்கமும் இதன் பயனறிந்து வந்ததே. காஞ்சிபுரத்து இட்லிக்கு அரைத்த மாவு இரவில் பொங்குவதில் பாக்டீரியாக்களுக்குப் பெரும்பங்கும் ஈஸ்டுக்குச் சிறு பங்கும் உண்டு.

இந்த எளிய உயிரிலிருந்துதான் உயிர்வேதியியல் என்னும் பெருந்துறை கிளைத்தது. 1897-இல் ஜெர்மனியைச் சேர்ந்த எட்வர்ட் புக்னர், ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, உயிரணுக்களை உடைத்து, சாற்றை மட்டும் பிழிந்தெடுத்தார். உயிரற்ற அச்சாறும் சர்க்கரையைச் சாராயமாக்கியது. உயிரின் செயல் என்று கருதப்பட்டது உயிரணுவுக்குள் இருக்கும் சில பொருள்களின் வேதியியற் செயலே என்பது இதனால் விளங்கிற்று. அப்பொருள்களை நொதிகள் என்கிறோம். ஆங்கிலத்தில் அவற்றிற்கு வழங்கும் ‘என்சைம்’ என்னும் சொல்லுக்கே, ஈஸ்டினுள் இருப்பது என்பதுதான் கிரேக்க மொழிவழிப் பொருள். புக்னர் 1907-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஈஸ்டை ஆய்வாளர் விரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. சர்க்கரையும் சில சத்துப் பொருள்களும் கலந்த தட்டில் அது வளரும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஓர் உயிரணு இரண்டாகிவிடும். ஆயினும் பாக்டீரியாவைப் போலன்றி, மனித உயிரணுவைப் போன்றே அதற்கும் உட்கரு உண்டு. ஆதலால் ஈஸ்டில் கண்ட உண்மை பல வேளைகளில் மனிதனுக்கும் பொருந்துகிறது. உட்கருவுடைய உயிரினங்களுள் மரபுத் தொகுதி முழுமையும் முதன்முதலில் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டது ஈஸ்டுக்கே. 1996-இல் நிறைவுற்ற அப்பணியில் ஏறத்தாழ 600 அறிவியலாளர் பங்குகொண்டனர். சுமார் ஒரு கோடியே இருபது இலட்சம் எழுத்துகளும் ஆறாயிரம் மரபணுக்களும் அதில் உள்ளன.

மரத்தடியில் தொடங்கிய கல்வி

இனி, இத்துறையில் நம் நாட்டவர் ஒருவர் வாழ்ந்த வாழ்க்கையைக் காண்போம். ஹர் கோவிந்த் கொரானா 1922-இல், இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஏறத்தாழ நூறு பேர் வாழ்ந்த ஊர். தந்தை ஊர்க் கணக்கு எழுதும் பட்வாரி. வறுமை இருந்தது, எனினும் அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் ஏறத்தாழ அவர்கள் குடும்பம் ஒன்றே. முதல் நான்காண்டுப் படிப்பு மரத்தடியில் நடந்தது. பின்னர் முல்தானில் உயர்நிலைப் பள்ளி, லாகூரில் பல்கலைக்கழகம். 1945-இல் அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, 1948-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

இளைஞர்களே, இதற்குப் பின் நிகழ்ந்ததைக் கூர்ந்து கேளுங்கள். முனைவர் பட்டம் பெற்றவுடன் நாற்காலி கிடைத்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். கொரானாவுக்குக் கிடைக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பிரெலாக் என்னும் பேராசிரியரிடம் ஓராண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் ஊதியமின்றி, கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு உழைத்தார். 1949-இல் நாடு திரும்பி வேலை தேடினார், அமையவில்லை. மீண்டும் கடல் கடந்து, 1950 முதல் 1952 வரை கேம்பிரிட்ஜில் அலெக்சாந்தர் டாட் குழுவினரோடு பணியாற்றினார். மரபுப்பொருளின் வேதியியலில் அவர் உள்ளம் நிலைத்தது அங்கேதான். பின்னர் கனடாவின் வான்கூவர் நகரில் சிறியதோர் ஆய்வுக்கூடம் அமைந்தது. 1960-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது.

முனைவர் பட்டத்திற்கும் நிலையான பணிக்கும் இடைப்பட்ட இக்காலத்தையே முனைவர் பின் ஆய்வுக்காலம் என்கிறோம். கைத்தொழிலில் ஒப்பிட்டுச் சொன்னால், தறியில் தானே சேலை நெய்யக் கற்றுவிட்ட ஒருவர், வேறொரு தேர்ந்த கைவினைஞரிடம் சென்று புதிய நுட்பம் கற்று, தமக்கென ஒரு பாணியை உண்டாக்கிக்கொள்ளும் காலம் அது.

இதே காலத்தில் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இராபர்ட் ஹாலி ஈஸ்டைக் கொண்டு ஓர் அரிய பணியைச் செய்துகொண்டிருந்தார். உயிரணு புரதத்தை உண்டாக்கும்போது அதற்கு வேண்டிய அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக ஏந்தி வரும் சிறு மூலக்கூறுக்குக் கடத்து ஆர்.என்.ஏ. என்று பெயர். அவற்றுள் அலனின் என்னும் அமினோ அமிலத்தை ஏந்தும் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க ஹாலியின் குழுவினர் 140 கிலோ ஈஸ்டைப் பயன்படுத்தினர். கிடைத்தது ஒரு கிராம். அந்த ஒரு கிராமைக் கொண்டு 77 எழுத்துகளின் வரிசையை 1965-இல் கண்டறிந்தனர். மரபுக் குறியீட்டின் மூன்றெழுத்துச் சொற்களுக்குப் பொருள் காண்பதில் கொரானாவும் நிரன்பர்க்கும் வெற்றி கண்டனர். 1968-இல் மூவர்க்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கொரானா அதோடு நிற்கவில்லை. ஹாலி படித்த அந்த ஈஸ்ட் மூலக்கூற்றுக்குரிய மரபணுவை, உயிரின் உதவியின்றி, வேதிப்பொருள்களிலிருந்தே கட்ட முனைந்தார். நீண்ட இழையை ஒரேயடியாகக் கட்ட இயலாது. ஆதலால் ஐந்து முதல் இருபது எழுத்து வரை நீளமுள்ள சிறு துண்டுகளைத் தனித்தனியே செய்தனர். மரபுப்பொருள் இரட்டை இழையாக அமைவது. ஓர் இழையின் துண்டு முடியுமிடம் எதிர் இழையின் துண்டுக்கு நடுவில் வருமாறு அமைத்தால் துண்டுகள் தாமே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பின்னர் ஒட்டும் நொதியொன்றைச் சேர்த்து அவற்றை இணைத்தனர். காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்கும் நுட்பத்தை அறிந்த நமக்கு இதனை விளங்கிக்கொள்வது அரிதன்று. 1970-இல் அப்பணி முடிந்தது. மனிதன் ஆய்வுக்கூடத்தில் முழுமையாகக் கட்டிய முதல் மரபணு அந்த ஈஸ்ட் மரபணுவே.

அச்சாதனையை அறிவித்த கட்டுரையில் பன்னிரண்டுக்கும் மேற்பட்டோர் பெயர்கள் உள்ளன. இந்தியா, நேபாளம், ஜப்பான், சுவிட்சர்லாந்து, நார்வே, இத்தாலி, அமெரிக்கா என்று பல நாட்டினர். அவர்களுட் பலர் முனைவர் பின் ஆய்வாளராக அவரிடம் வந்தவர்கள். நேபாளத்திலிருந்து வந்த உத்தம் ராஜ்பண்டாரி ஈஸ்டின் இன்னொரு கடத்து ஆர்.என்.ஏ.வின் வரிசையைக் கண்டறிந்தார். மார்வின் காருத்தர்ஸ் பின்னாளில் வகுத்த முறையைக் கொண்டே இன்று உலகெங்கும் இயந்திரங்கள் மரபுப்பொருள் துண்டுகளைச் செய்து தருகின்றன. ஊதியமின்றிச் சூரிக்கில் உழைத்தவர் பலருக்கு ஊதியம் தந்து உழைப்பிக்கும் நிலைக்கு உயர்ந்தார்.

உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள்

கொரானா நம்மவர் அல்லர் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அவர் வீட்டில் வறுமை இருந்தது, எழுத்தும் இருந்தது. நம் பாட்டன்மார் வீட்டில் வறுமை மட்டுமே இருக்க வைக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை மறைத்துப் பேசுவது நமக்கு நன்மை தராது. ஆயினும் எழுத்தறிந்த குடும்பத்தில் பிறந்தவர்க்கே இத்துறை உரியது என்று முடிவு கட்டுவதும் தவறு.

பால் நர்ஸ் இங்கிலாந்தில் உழைக்கும் குடும்பம் ஒன்றில் வளர்ந்தவர். பிரெஞ்சு மொழித் தேர்வில் பலமுறை தவறியதால் பல்கலைக்கழக வாயில் அவருக்கு அடைபட்டிருந்தது. அக்காலத்தில் மதுபான ஆலையொன்றின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். முனைவர் பட்டம் பெற்றபின் எடின்பரோவில் மிட்சிசன் என்னும் பேராசிரியரிடம் ஆய்வாளராகச் சேர்ந்து, ஈஸ்ட் உயிரணு எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களைத் தேடினார். உரிய அளவுக்கு வளருமுன்பே பிரிந்து குள்ளமாக நின்ற ஈஸ்ட் வகை ஒன்று அவருக்கு வழி காட்டிற்று. 1987-இல் அவர் குழுவினர், அம்மரபணு பழுதுபட்ட ஈஸ்டுக்குள் மனித மரபணுவைச் செலுத்தினர். ஈஸ்ட் மீண்டும் பிரியத் தொடங்கியது. மனிதனுக்கும் ஈஸ்டுக்கும் பிரிவுக் கட்டளை ஒன்றே என்பது மெய்ப்பிக்கப்பட்டது. புற்றுநோயை விளங்கிக்கொள்ள அடிப்படையான இக்கண்டுபிடிப்புக்காக 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஹங்கேரி நாட்டின் கத்தலின் கரிக்கோ இறைச்சி வெட்டும் தொழிலாளியின் மகள். குழாய்நீர் வசதியற்ற வீட்டில் வளர்ந்தவர். 1985-இல் தாய்நாட்டில் ஆய்வுப் பணிக்குப் பணம் நின்றுபோகவே, கணவரோடும் சிறு மகளோடும் அமெரிக்காவுக்கு முனைவர் பின் ஆய்வாளராகச் சென்றார். தூது ஆர்.என்.ஏ.வை மருந்தாக்கலாம் என்று அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. 1995-இல் அவருடைய பதவி தாழ்த்தப்பட்டது. அவர் விடவில்லை. 1957-இல் ஈஸ்டின் ஆர்.என்.ஏ.விலிருந்து ஐந்தாவது எழுத்து என்று பிரித்தெடுக்கப்பட்ட பொருள் ஒன்று உண்டு, கடத்து ஆர்.என்.ஏ.வில் அது மிகுதி. சூடோயூரிடின் என்பது அதன் பெயர். அதனைத் தூது ஆர்.என்.ஏ.வில் சேர்த்தால் உடல் அதனை எதிர்த்துக் கொதிப்பதில்லை என்று அவரும் வைஸ்மனும் 2005-இல் காட்டினர். 2020-இன் இறுதியில் பெருந்தொற்றுக்கு எதிராக வந்த தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் இவ்வழியில் பிறந்தவை. 2023-இல் இருவர்க்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எவர்க்கும் பயன்படாத ஆராய்ச்சி என்று ஒருகாலத்தில் எண்ணப்பட்டது, பின்னாளில் பல கோடி உயிர்களுக்குக் காவலாயிற்று.

ஈஸ்ட் நேரடியாகவும் நம்மைக் காக்கிறது. மஞ்சட்காமாலை பி வகைக்குரிய தடுப்பூசியை ஈஸ்டைக் கொண்டு உண்டாக்கும் முறை 1986-இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. 1997-இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் வேறொரு வகை ஈஸ்டைக் கொண்டு அதனை இந்தியாவிலேயே செய்தது. இறக்குமதி மருந்தின் விலைக்கு முன் கைகட்டி நின்ற ஏழைக் குடும்பங்களுக்கு அது எட்டும் பொருளாயிற்று.

தமிழ் மண்ணில் பிறந்தவர் ஒருவரையும் சொல்லி இப்பகுதியை முடிக்கிறேன். சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றபின் உயிரியலுக்கு மாறி, மீண்டும் மாணவராகச் சேர்ந்து படித்தார். யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பின் ஆய்வாளராக இருந்தபோது ஏறத்தாழ ஐம்பது கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆசிரியப் பணி கேட்டு எழுதினார், ஒன்றும் கிட்டவில்லை. அவரே 2009-இல் ரைபோசோம் ஆய்வுக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புரதம் கட்டும் தறி போன்றது ரைபோசோம். ஈஸ்டின் மைட்டோகாண்டிரியாவில் உள்ள ரைபோசோமின் பெரும்பகுதி அமைப்பையும் அவர் ஆய்வுக்கூடம் 2014-இல் வெளியிட்டது.

நமக்குள்ள தடைகள்

இவர்கள் அனைவரும் காத்திருந்தார்கள். காத்திருக்க முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை முப்பது வயது வரை படித்துக்கொண்டிருந்தால் அண்டை அயலார் என்ன கேட்பர் என்பது உங்களுக்குத் தெரியும். தங்கையின் திருமணம், தந்தையின் மருத்துவச் செலவு, கூரை மாற்றும் செலவு ஆகிய யாவும் அவர் ஒருவர் வருவாயையே நோக்கி நிற்கும். இம்மாவட்டத்தில் முன்பணம் வாங்கிய கடனுக்காகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தறியில் அமர்த்திய கொடுமை சென்ற நூற்றாண்டின் இறுதி வரை பரவலாக இருந்தது. அவ்வாறு இழந்த தலைமுறைகளின் சுமை இன்று படிக்கும் பிள்ளையின் தோளில்தான் இறங்குகிறது.

இரண்டாவது தடை வாயிற்காவல் பற்றியது. முனைவர் பின் ஆய்வாளர் பணி பெரும்பாலும் தேர்வு எழுதிப் பெறுவதன்று. இட ஒதுக்கீட்டு முறையில் நிரப்பப்படுவதும் அரிது. பேராசிரியர்க்கு நேரே எழுதி, பழைய வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதம் பெற்று, அறிமுகத்தின் வழியே அடைவது. தலைமுறை தலைமுறையாகக் கல்லூரி கண்ட குடும்பத்தினர்க்கு அவ்வறிமுகம் வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கிறது. நம்மவர்க்கு, யார்க்கு எழுத வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று சொல்லித் தருவாரில்லை. நாட்டின் முதன்மையான உயர்கல்வி நிறுவனங்களில் நம்மவர் ஆசிரியராக இருப்பது எத்துணை அரிது என்பதை நாடாளுமன்றத்தில் தரப்பட்ட விடைகளே காட்டுகின்றன. இது நம் அறிவின் குறையன்று, வழியின் குறை.

தென்னேரி ஏரி நிறைந்திருக்கும்போதும், மதகு திறந்து கால்வாய் தூர் வாரினால்தான் கடைமடைக்கு நீர் வரும். பண்டைய திரையன் பெயரால் திரையனேரி என வழங்கிய இவ்வேரியின் கரையில் வாழும் உங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அறிவு நாட்டில் நிறைந்திருக்கிறது. கடைமடை வரை கால்வாய் வெட்டுவதே நம் கழகத்தின் அடுத்த இருபத்தைந்தாண்டுப் பணியாக இருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

மாணவர்களே, உங்களுக்குச் சில சொல்வேன். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகியவற்றுள் ஒன்றில் முதுகலை முடிக்கும் ஆண்டிலேயே தேசியத் தகுதித் தேர்வுக்கு ஆயத்தமாகுங்கள். அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் 2023 ஜனவரி முதல் வகுக்கப்பட்ட அளவின்படி மாதம் 37,000 ரூபாயும், முனைவர் பட்டத்திற்குப் பின் ஆய்வு இணையராகச் சேர்ந்தால் தொடக்கத்தில் 58,000 ரூபாயும் உண்டு. பட்டியல் இனத்து மாணவர்க்கென 2005-06-இல் தொடங்கப்பட்ட தேசிய ஆய்வு உதவித்தொகையும், 1954-55 முதல் நடைபெறும் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையும் இருப்பதை அறிந்து, உரிய நாளில் விண்ணப்பியுங்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் முன்பு பயின்றவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். செய்த சோதனையை அன்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் கூச்சமின்றிப் பழகுங்கள். தமிழில் உங்கள் தாய்க்கு உங்கள் ஆய்வை விளக்கவும் பழகுங்கள். தாய்க்கு விளங்குமாறு சொல்ல முடிந்தவர்க்கே அது முழுதும் விளங்கியதாகப் பொருள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வு மாணவர் வேலையற்றவர் அல்லர். அவர் செய்வது வேலையே. அதற்குப் பலன் சற்றுத் தாமதமாக வரும். பெண் பிள்ளைகளைத் திருமணத்தைக் காட்டி நடுவில் நிறுத்தாதீர்கள். கரிக்கோ தம் மகளை வளர்த்துக்கொண்டேதான் ஆய்வு செய்தார்.

கழகத்தாருக்கு நான் கூறுவது இதுதான். அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையால் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். இலண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்ப நேர்ந்தது. ஆசிரியப் பணியில் சேர்த்த பணமும், கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவியும், நண்பர் ஒருவர் தந்த கடனும் சேர்ந்தே 1920-இல் அவரை மீண்டும் இலண்டனுக்கு அனுப்பின. 1923-இல் அவர் உயர் பட்டம் பெற்றார். அந்த இடைவெளியை எவரும் நிரப்பாதிருந்தால் இழப்பு யாருடையது என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஆய்வு மாணவர்க்கும் இத்தகைய இடைவெளிகளே ஆபத்தானவை. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும். முனைவர் பட்டம் முடிந்து அடுத்த பணி அமையும் வரை ஆறு மாதம், ஓராண்டு வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கும். நல்ல மாணவர் பலர் ஆய்வைக் கைவிடுவது அப்போதுதான். ஆதலால் இவ்வெள்ளி விழாவின் நினைவாக ஓர் இடைக்கால நிதியை நிறுவுங்கள். பணியிலுள்ள உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருநாள் ஊதியம் தந்தாற்கூட அது வளரும். வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள்; பணி அமைந்தபின் திருப்பிச் செலுத்தட்டும், அடுத்தவர்க்கு அது பயன்படட்டும். அதனோடு, ஆய்வுத்துறைக்குச் சென்ற நம்மவர் பெயர்களையும் முகவரிகளையும் தொகுத்து ஒரு பதிவேடு வைத்திருங்கள். யார்க்கு எழுதுவது என்று கேட்கும் மாணவர்க்கு அதனைத் திறந்து காட்டுங்கள். பிறர்க்குத் திண்ணையில் கிடைத்த அறிமுகம் நம் பிள்ளைகளுக்கு அப்பதிவேட்டில் கிடைக்கட்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக இன்னும் ஒன்று. ஒரு நுண்ணோக்கி வாங்கி மாலை வகுப்பு நடைபெறும் இடத்தில் வையுங்கள். வெதுவெதுப்பான நீரில் சிறிது சர்க்கரை கரைத்து, ரொட்டி செய்யும் ஈஸ்டைத் தூவி, ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தால், மொட்டுவிடும் உயிரணுக்களைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காணலாம். கொரானாவும் நர்சும் ஆராய்ந்தது ஈஸ்ட் வகை உயிர்களையே. அவை அரண்மனைக்கு ஒருவிதமாகவும் சேரிக்கு ஒருவிதமாகவும் வளர்வதில்லை; தீட்டு என்பதை அவை அறியா. கண்டதைக் கண்டவாறு எழுதுவோர் யாராயினும் அவர்க்கு உண்மையைக் காட்டும்.

அடுத்த விழா மலரில் ஓர் ஆய்வாளர் பட்டியல் இடம்பெற வேண்டும். அதில் இன்று இங்கே முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெயர்கள் இருத்தல் வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குரிய நிதியையும் பதிவேட்டையும் இவ்வாண்டே தொடங்குமாறு கழகத்தாரைப் பணிவன்புடன் வேண்டுகிறேன்.